டீசல் வரும் வழி: உழவு இயந்திரம் பற்றிய வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டீசல் சம்பந்தப்பட்டவை. பழைய மெசி 35, 135 வைத்திருப்பவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். இந்த ட்ரக்டர்களோடு தோட்டத்து வேக்சொப்பில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். தெரிந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். முதல் பதில் நீளமானது. மற்றவர்களும் அதை வாசித்துவிட்டு உங்கள் பதிலுக்கு வாருங்கள், பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது.

கேள்வி: வணக்கம் ஐயா. என்னிடம் மெசி 135 ஒன்று இருக்கிறது. லீக்ஸ், கரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும்போது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் இழுவை குறைகிறது. இரண்டு மூன்று தடவை திணறிவிட்டு நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. பில்டரை இரண்டு முறை மாற்றிவிட்டேன். டீசல் பம்பை இறக்கிச் செய்ய வேண்டும் என்கிறார் கராஜ்காரர். அவர் சொல்லும் தொகைக்கு இந்தப் போக விளைச்சலில் பாதி போய்விடும். செய்யலாமா?
(வாசகர், கந்தப்பளை)

பதில்: தம்பி, இப்போதைக்குப் பம்பில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பத்து நிமிடம் விட்டால் தானாகச் சரியாகிறது என்கிறீர்களே, அதுதான்.

உங்கள் ட்ரக்டரில் இருப்பது டி.பி.ஏ. என்ற வகை டீசல் பம்ப். அது தேய்ந்து போனால் அதன் குணம் வேறு. காலையில் குளிரில் நன்றாகப் பிடிக்கும். நாள் முழுக்க ஓடும், கொஞ்சம் பலம் குறைந்திருக்கலாம். ஆனால் சூட்டோடு நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் பிடிக்காது. சூட்டில் டீசல் மெலிந்து, தேய்ந்த இடைவெளியால் பம்புக்குள்ளேயே கசிந்துவிடும், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நொசிலுக்குப் போக அழுத்தம் போதாது. பம்ப் நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும், பத்து நிமிடம் அதற்குப் போதாது. உங்கள் ட்ரக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டினியால் நிற்கிறது. டீசல் பம்புக்கு வந்து சேரவில்லை. எங்கே மறிபடுகிறது என்பதைத்தான் தேட வேண்டும், தேடுவதற்குக் காசு செலவில்லை.

முதலில் டேங்க் மூடி. அதில் காற்றுப் போகச் சின்னத் துவாரம் ஒன்று இருக்கும். மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால், டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசலைப் பிடித்து நிறுத்திவிடும். அடுத்த முறை திணறத் தொடங்கியதும் இறங்கி மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் வேலை முடிந்தது. மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சத்தம் இல்லையென்றால் அடுத்ததற்கு வாருங்கள்.

அடுத்தது போத்தல் சோதனை. 135 இல் டேங்க் எஞ்சினுக்கு மேலே பொனெற்றுக்குள் இருக்கிறது, ஆகவே டீசல் தன் பாரத்திலேயே இறங்கி, அதை டீசல் பம்புக்குத் தள்ளிவிடும் சின்ன ஃபீட் பம்புக்கு வரும். ஃபீட் பம்புக்கு வருகின்ற பைப்பைக் கழற்றி ஒரு லீற்றர் போத்தலுக்குள் விட்டு, டேங்க் டெப்பை முழுதாகத் திறந்துவிடுங்கள். கணக்கைப் பாருங்கள்: முழுப் பாரத்தோடு மலை ஏறும்போது இந்த எஞ்சின் மணிக்கு 8, 9 லீற்றர் வரை குடிக்கும். அதாவது நிமிடத்துக்கு 150 மில்லிலீற்றர். ஒரு லீற்றர் போத்தல் இரண்டு நிமிடத்துக்குள் நிறைந்தால் தேவையைப் போல மூன்று மடங்குக்கு மேல் வருகிறது, நல்லது. ஆனால் ஒரு போத்தலோடு நிறுத்திவிடாதீர்கள். எல்லோரும் செய்யும் பிழை அதுதான். முதல் அரை நிமிடம் நன்றாக ஓடும், 'டேங்கில் ஒன்றுமில்லை' என்று பைப்பை மாட்டிவிடுவார்கள். ஐந்து லீற்றர் கேன் ஒன்றை வைத்து ஓடவிட்டுப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். தாரை மெலிந்து நூலாகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதே கோளாறில் நான் பட்ட பாடு அப்படி. 1980களின் கடைசி. வேக்சொப்பில் உதவியாளாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். மேல் மலையிலிருந்து ஃபெக்டரிக்குக் கொழுந்து இறக்கும் ட்ரக்டர் ஒன்று, கோயிலுக்குக் கீழே ஒரு முடக்கில் தினமும் நின்றது. அந்த முடக்கில் நின்றால் மடுவத்தில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வெறும் பெட்டியோடு ட்ரக்டர் திரும்பும்வரை காத்திருக்கும் பெண்களும் மழையில் நிற்க வேண்டும். சாக்கில் கட்டிய கொழுந்து சூடேறிக் கருகிப்போகும். பில்டர் மாற்றினோம், நொசில் மாற்றினோம். பிறகு பம்பை இறக்கி நகரத்திலிருந்த ஒரு பம்ப் கடைக்கு அனுப்பினார்கள். பெரிய பில்லோடு பம்ப் திரும்பி வந்தது. மாட்டிய அன்றே அதே முடக்கில் வண்டி நின்றது.

அப்போதுதான் எங்கள் பெரிய பாஸ் (தலைமை மெக்கானிக்) என்னைக் கூப்பிட்டு, போத்தலைக் கையில் கொடுத்துப் பைப்பைக் கழற்றச் சொன்னார். நிறைந்த போத்தலை அவர் கேனில் ஊற்றித் திருப்பித் தருவார், நான் மறுபடி பிடிப்பேன். மூன்றாவது போத்தலில் தாரை சட்டென்று மெலிந்தது. டெப்பை மூடி, கொஞ்ச நேரம் பொறுத்துத் திறந்தோம். மறுபடி விரல் கனத்துக்கு ஓடியது. டேங்கை இறக்கிக் கவிழ்த்தபோது உள்ளங்கையளவு பொலித்தீன் துண்டு ஒன்று விழுந்தது. கேன் மூடி கசியாமலிருக்க வாயில் பொலித்தீனைச் சுற்றி மூடுவோம் அல்லவா, அதில் கிழிந்த துண்டு. டீசல் ஓடும்போது அந்த ஓட்டத்தோடு வந்து வெளிவாயில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் இழுவை இல்லாமல் விலகிவிடும். அதனால்தான் பத்து நிமிடத்தில் எல்லாம் சரியானது போலத் தெரிந்தது. அந்த முடக்கு வேறொன்றுமில்லை, புறப்பட்டுப் பன்னிரண்டு நிமிடத்தில் வரும் இடம், அவ்வளவுதான்.

உங்கள் டேங்கில் பொலித்தீனாக இல்லாமல் துருப் பொருக்காக, துணி நூலாக, சாக்குத் தும்பாக இருக்கலாம். டேங்கை இறக்கி, இரண்டு லீற்றர் சுத்தமான டீசல் விட்டுக் குலுக்கிக் கவிழ்த்துக் கழுவுங்கள். டெப்பின் உள்பக்கம் வலைக்குழாய் இருந்தால் அதைப் பிரஷால் தேய்த்து மறுபடி போடுங்கள். 'இதுதான் அடைக்கிறது' என்று அதை உடைத்து வீசிவிட்ட ட்ரக்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீசினால் அடைப்பு பில்டர் வாயிலில் போய் உட்காரும், அங்கே கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். டேங்கில் ஓட்டை தெரிந்தாலும் நீங்களாக வெல்டிங் பிடிக்கப் போகாதீர்கள். காலியான டீசல் டேங்குக்குள் இருக்கும் ஆவி வெடிக்கக் கூடியது.

போத்தல் சோதனையில் தாரை மெலியவே இல்லையா? அப்படியென்றால் ஃபீட் பம்பின் வலை, அதற்குப் பின் பில்டருக்குப் போகும் பைப், பைப் நுனியில் இருக்கும் துளை போட்ட போல்ட், இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதிப் பாருங்கள். இன்னொன்று: டேங்கில் டீசல் கொஞ்சமாக இருக்கும்போது மட்டும் ஏற்றத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள். வண்டி சாயும்போது டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, வெளிவாயில் காற்றில் நிற்கும். நம் பக்கத்துச் சரிவுகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே டேங்கை விடக்கூடாது.

கேள்வி: ஐயா, 135 க்கு நானே பில்டர் மாற்றினேன். அதற்குப் பிறகு ஸ்டார்ட் ஆகவே இல்லை. ஸ்டார்ட்டரை அடித்து அடித்து பற்றரியும் இறங்கிவிட்டது. எயார் எடுக்கவேண்டும் என்கிறார்கள். எங்கே எப்படி என்று விளக்கமாக எழுதுவீர்களா?
(வாசகர், வெலிமடை)

பதில்: நீங்களே மாற்றியது நல்ல விஷயம், தம்பி. பில்டரைக் கழற்றும்போது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் எயார் எடுப்பது. இதையும் நீங்களே செய்யலாம். பற்றரியைச் சார்ஜுக்குப் போட்டுவிட்டு, அது ஏறும்வரை கையால் செய்யவேண்டிய வேலையைச் செய்யுங்கள்.

முதலில் எஞ்சின் நிறுத்தும் குமிழ் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். கம்பி இறுகி பம்பின் நெம்பு பாதியில் நின்றால் உலகத்து டீசல் எல்லாம் வந்தாலும் எஞ்சின் பிடிக்காது. டெப் திறந்திருக்கிறதா, டேங்கில் பாதிக்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பில்டரையும் பம்பையும் சுற்றி மண்ணைத் துடைத்துவிடுங்கள்.

ஃபீட் பம்பின் பக்கத்தில் கையால் அடிக்கும் சின்ன நெம்பு இருக்கிறது. அதை அசைத்தால் கையில் ஒரு பாரம் தெரிய வேண்டும். பாரமே இல்லாமல் லொட லொட என்று ஆடினால் பம்ப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். எஞ்சினுக்குள் இருக்கும் கேம் அந்த நேரம் பம்பை அமுக்கிக்கொண்டு நிற்கிறது. எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடித்தால் பாரம் வரும்.

பிறகு இந்த ஒழுங்கில் போங்கள். பில்டர் தலையில் இருக்கும் எயார் ஸ்குரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, நெம்பை அடியுங்கள். நுரைநுரையாக வரும். நுரை நின்று தெளிவான டீசல் வந்ததும், டீசல் வந்துகொண்டிருக்கும்போதே இறுக்குங்கள். அடுத்து பம்பின் பக்கவாட்டில் இருக்கும் எயார் ஸ்குரூ, அப்புறம் பம்பின் மேல் மூடியில் இருக்கும் எயார் ஸ்குரூ. கீழே இருப்பது முதலில், மேலே இருப்பது பிறகு. இவை சின்ன ஸ்குரூக்கள், பலம் காட்டினால் முறியும். சரியான அளவு ஸ்பெனரைத்தான் போடவேண்டும்.

இனி நொசில் பக்கம். மூன்று நொசில் பைப்களின் நட்டுகளையும், நொசில் முனையில் ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். எக்சிலேட்டரை முழுதாக இழுத்து வைத்துக்கொண்டு எஞ்சினை அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து செக்கனுக்கு மேல் அடிக்க வேண்டாம், இடையில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். ஸ்டார்ட்டர் எரிந்து போவது இங்கேதான். நட்டடியில் டீசல் விட்டு விட்டுத் துளிர்க்கத் தொடங்கியதும் மூன்றையும் இறுக்குங்கள். அடுத்த அடியில் பிடித்துவிடும்.

பிடித்த பிறகு ஒரு மணி நேரத்தில் மறுபடி நின்றால், எயார் எங்கேயோ உள்ளே போகிறது என்று அர்த்தம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நடப்பதைச் சொல்கிறேன்: சி.ஏ.வி. பில்டரின் பழைய ரப்பர் வளையம் தலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், கறுப்பில் கறுப்பாகக் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் புது வளையத்தையும் வைத்து இறுக்கியிருப்பீர்கள். நகத்தால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஒட்டாது, அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினியத் தலை வெடிக்கும், அதன்பிறகு புதுத் தலைதான். கொப்பர் வோஷர்களும் பழகப் பழகக் கல்லாகிவிடும். புதிது கிடைக்காவிட்டால் பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், மறுபடி மெதுவாகிப் படிந்து உட்காரும்.

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டுக்காரர் காலமாகி இரண்டு வருடம். அவருடைய மெசி 35 ஐ இப்போது மகன்தான் ஓட்டுகிறான், கூலிக்குக் கொழுந்தும் உரமும் ஏற்றுகிறோம். தை, மாசிக் குளிரில் காலை ஆறு மணிக்கு அடித்தால் வெள்ளைப் புகையாகத் தள்ளுகிறது, பிடிப்பதில்லை. பக்கத்தில் ஒருவர் காற்றுப் பில்டரில் பெற்றோல் நனைத்த துணியை வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் ஸ்ப்ரே அடிக்கச் சொல்கிறார். மகன் அவசரக்காரன், எனக்குப் பயமாக இருக்கிறது.
(வாசகி, பொகவந்தலாவை)

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. இரண்டையும் செய்ய விடாதீர்கள். முக்கியமாக அந்த ஸ்ப்ரே. இந்த எஞ்சினில் காற்றுக் குழாய்க்குள்ளேயே சூடாகிச் சிவக்கும் ஒரு சாதனம் இருக்கிறது. அது சிவந்திருக்கும்போது ஸ்ப்ரே உள்ளே போனால், எரிவது சிலிண்டருக்குள் இல்லாமல் குழாய்க்குள் நடக்கும். முகம் அருகில் இருந்தால் கண் போய்விடும்.

வெள்ளைப் புகை வருகிறதென்றால் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அது எரியாத டீசல். டீசல் நொசில்வரை ஒழுங்காக வருகிறது, பற்றவைக்கச் சூடுதான் போதவில்லை. ஆகவே டீசல் பைப்களைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

மகனைக் கூப்பிட்டுப் பொனெற்றைத் திறந்து நொசில்களை எண்ணச் சொல்லுங்கள். மூன்று என்றால் பேர்கின்ஸ் எஞ்சின். நான்கு என்றால் 1950களில் வந்த ஸ்டாண்டர்ட் எஞ்சின். அது புதிதாக இருந்தபோதே குளிரில் பிடிக்கச் சிரமப்பட்டது. அதற்கு வேறாக எழுதவேண்டும், மறுபடி கடிதம் போடுங்கள். உங்களுடையது மூன்று என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

காற்றுக் குழாயில் திருகி மாட்டிய தேர்மோஸ்டார்ட் என்று ஒன்று இருக்கும். ஒரு வயரும் ஒரு மெல்லிய டீசல் பைப்பும் அதற்குப் போகும். சாவியை சூடாக்கும் நிலைக்குத் திருப்பிப் பதினைந்து, இருபது செக்கன் பிடித்தால் உள்ளே சுருள் சிவந்து, அந்தச் சூட்டில் வால்வு திறந்து டீசல் சொட்டி எரியும், உள்ளே போகும் காற்று சூடாகும். உங்கள் வீட்டுக்காரர் சாவியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். மகனுக்கு அது தெரியாமல் நேரே அடித்துக்கொண்டிருக்கலாம். முதலில் அதைக் கேளுங்கள்.

அப்படிச் செய்தும் பிடிக்கவில்லையென்றால், இருபது செக்கன் கழித்து அந்த இடத்துக்கு அருகில் கையைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். சூடே இல்லையென்றால் கரண்ட் வரவில்லை, வயர் நுனியைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே சரியாகலாம். சூடு இருந்தும் பலனில்லையென்றால் மெல்லிய பைப்பைத் தளர்த்திப் பாருங்கள், டீசல் நிற்க வேண்டும். கசிகிறது என்று யாரோ ஒருவர் அந்தப் பைப்பை மடித்து நசுக்கிவிட்டுப் போயிருப்பார். நான் பார்த்த பழைய 35 களில் பாதிக்கு அதுதான் நிலைமை.

பற்றரி பலமாக இருக்கவேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால், சிலிண்டருக்குள் காற்று அமுங்கும்போது வரவேண்டிய சூடு வராது. உயரமும் ஒரு காரணம்: நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடலோரத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உங்கள் பக்கம் கொஞ்சம் தாழ்வென்றாலும் கொழும்பில் ஒரே அடியில் பிடிக்கும் எஞ்சின் அங்கே திணறத்தான் செய்யும். கொஞ்சம் தேய்ந்த எஞ்சின் என்றால் கேட்கவே வேண்டாம். இவ்வளவும் பார்த்தும் பிடிக்காவிட்டால் அமுக்கத்தை அளந்து பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் அதற்கு முன் வயரையும் மெல்லிய பைப்பையும் பாருங்கள்.

கேள்வி: 2022 இல் வரிசையில் நின்று சேர்த்த டீசல் ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் இன்னும் நாற்பது லீற்றர் அளவில் இருக்கிறது. கொஞ்சம் மண்ணெண்ணெயும் கலந்திருக்கிறது. அடியில் பாசி போல ஏதோ தெரிகிறது. வடித்துப் பாவிக்கலாமா?
(வாசகர், ராகலை)

பதில்: வேண்டாம் ஐயா. அந்த நாட்களில் ஒரு கேனுக்காக ராத்திரி முழுக்க வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். அந்த டீசலைக் கொட்ட மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அது உங்கள் பம்பைத் தின்றுவிடும்.

நீங்கள் பார்ப்பது பாசியில்லை. டீசலுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து இப்படிக் கொழகொழப்பாக மாறும். வடித்தாலும் மெல்லிய சளி போல ஊடே வந்து பில்டரை ஒரே நாளில் மூடிவிடும். மண்ணெண்ணெய் விஷயம் அதைவிட மோசம். டி.பி.ஏ. பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது. அதற்குள் ஓடுகிற டீசல்தான் அதன் ஒயில். மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுவழுப்பு இல்லை. ஒன்றோடொன்று உரசாமல் சுழல வேண்டிய பாகங்கள் காய்ந்து உரசிக் கீறுபடும். அந்தக் கீறலை எந்த பில்டரும் சரிசெய்யாது. நாற்பது லீற்றரின் விலையையும் ஒரு பம்பின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதை ட்ரக்டரில் விடாதீர்கள், ஆற்றிலும் கானிலும் கொட்டாதீர்கள். பழைய ஒயில் சேகரிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்களா என்று விசாரித்துக் கொடுத்துவிடுங்கள்.

இனிமேல் சேர்த்து வைப்பதானால், பீப்பாயைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், தண்ணீரும் கசடும் ஒரு மூலைக்குப் போகும். ஊற்றும்போது அடியில் நாலு விரல் உயரத்தை விட்டுவிடுங்கள். துணியால் வடிக்காதீர்கள், அதன் நூலே டேங்குக்குள் போகும். மெல்லிய கம்பி வலை போட்ட புனல் வாங்கிக்கொள்ளுங்கள். ட்ரக்டர் டேங்கை மாலையில் நிரப்பிவிட்டு நிறுத்தும் பழக்கமும் நல்லது. நம் ஊர்ப் பனியில் பாதி டேங்க் காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் தண்ணீராகி அடியில் இறங்கும்.

கேள்வி: எனது ட்ரக்டரில் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகிறது. அளவுக்கோலில் மேல் கோட்டையும் தாண்டிவிட்டது. ஒயில் குடிக்காத எஞ்சின் என்று சந்தோஷப்படலாமா?
(வாசகர், ஊவா பரணகம)

பதில்: சந்தோஷப்படாதீர்கள், இந்தப் பதில் கண்ணில் பட்ட நிமிடமே எஞ்சினை நிறுத்துங்கள். டீசல் ஒயிலில் கலக்கிறது. அளவுக்கோலை முகர்ந்தால் டீசல் வாசம் வரும். ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். டீசல் கலந்திருந்தால் நடுவில் கறுப்பும், அதைச் சுற்றி அகலமான வெளிறிய ஈர வளையமும் பரவும்.

ஃபீட் பம்புக்குள் இருக்கும் ரப்பர் ஜவ்வு கிழிந்தால் டீசல் நேராக எஞ்சின் அடிக்குள் இறங்கும். பத்தில் எட்டுக்கு இதுதான் காரணம், ஜவ்வு செட் வாங்கி மாற்றுவது அரை நாள் வேலை. அது நன்றாக இருந்தால் டீசல் பம்பின் தண்டு சீலைப் பார்க்க வேண்டும். எதுவானாலும் ஒயிலையும் ஒயில் பில்டரையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெலிந்த ஒயிலில் பேரிங் ஒரே ஏற்றத்தில் உருகிப்போகும். அளவுக்கு மீறி நிறைந்த ஒயில் சிலிண்டருக்குள் ஏறி, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் எஞ்சின் தன்பாட்டில் வேகமெடுத்த சம்பவங்களும் உண்டு.

கேள்வி: டீசல் பைப்புக்குப் பதிலாக உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைப் போட்டிருக்கிறேன், எயார் வந்தால் கண்ணால் பார்க்கலாம் என்று. சரியா?
(வாசகர், ஹப்புத்தளை)

பதில்: சோதனைக்கு மிக நல்லது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் மாட்டி ஓடவிட்டால் குமிழி ஓடுவது தெரியும். கண்டுபிடித்ததும் கழற்றிவிடுங்கள். சில மாதத்தில் டீசலில் ஊறி விறைத்து வெடிக்கும். சைலன்சர் பக்கம் விழுந்தால் தீ.

கேள்வி: ஐயா, எஞ்சின் ஒரு கால் நொண்டுகிற மாதிரி ஓடுகிறது. எந்த நொசில் பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் ஊர் பாஸ் நொசிலைக் கழற்றி வெளியே வைத்து அடித்து, வரும் ஸ்ப்ரேயை விரலால் தொட்டுப் பார்க்கிறார். நானும் அப்படிச் செய்யலாமா?
(வாசகர், வயது 19, லிந்துலை)

பதில்: தம்பி, கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தீர்களே, அதற்கே நன்றி. விரலைக் கொண்டுபோகவே கூடாது.

நொசிலிலிருந்து டீசல் வருவது வளிமண்டல அழுத்தத்தைப் போல 150 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில். அது ஊசியைப் போலத் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே எறும்பு கடித்த அளவுக்குத்தான் அடையாளம் இருக்கும், முதலில் வலிகூடப் பெரிதாகத் தெரியாது. என்னோடு வேலை செய்த ஒரு பையன் அப்படித்தான் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் காலையில் கை மணிக்கட்டுவரை வீங்கியிருந்தது. பிறகு ஆட்காட்டி விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவன் அப்போது உங்கள் வயதுதான்.

நொசிலைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். கண்ணாடி, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, துணியொன்றைச் சுற்றிப் பிடித்து, முதல் நொசிலின் பைப் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். எஞ்சின் ஓட்டம் இன்னும் மோசமானால் அந்த நொசில் வேலை செய்கிறது. இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எதைத் தளர்த்தும்போது ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, அங்கேதான் கோளாறு. அந்த நொசிலை மட்டும் கழற்றிச் சோதனைக் கருவி இருக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். மூன்றையும் மாற்றச் சொன்னால் மற்ற இரண்டையும் கருவியில் போட்டு உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். எங்கேயாவது மெல்லிய கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், விரலுக்குப் பதிலாக ஒரு கடதாசி மட்டையைக் காட்டுங்கள், நனைந்தால் தெரிந்துவிடும்.

தப்பித் தவறி டீசல் தோலுக்குள் போய்விட்டால், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நுவரெலியாவோ பதுளையோ, எது கிட்டவோ அது. 'கையில் காயம்' என்று மட்டும் சொன்னால் மருந்து கட்டி அனுப்பிவிடக்கூடும். 'அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் பாய்ந்துவிட்டது' என்று சொல்லுங்கள், எத்தனை மணிக்கு நடந்தது என்பதையும் சொல்லுங்கள். உங்கள் ஊர் பாஸிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.